பிசிறு வெட்டியவன்

1

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் என் மகள் என் கையைத் தட்டிவிட்டாள். அவள் ஸ்வெட்டரின் கைமுனையில் விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை, கை அதுபாட்டுக்குப் போய்விட்டது. "தொடாதீங்க அப்பா" என்றாள். அதில் அப்பா மட்டும்தான் தமிழ், மீதி டேனிஷ். பக்கத்தில் அவளுடைய வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். பதின்மூன்று வயதில் இதைவிடப் பெரிய மானக்கேடு உண்டா? பேருந்து வந்ததும் ஏறிக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கையசைக்கவில்லை.

பின்னலாடை ஊரில் பிறந்தவர்களுக்கு என் கையின் வியாதி புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பூரில் ஒருவர் புதுச் சட்டை போட்டு வந்தால் நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சட்டையின் அடிமடிப்பைப் பார்த்துவிடுவோம். பேசிக்கொண்டே அவர் பனியன் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, உள்தையல் எப்படி, துணி என்ன கனம் என்று பார்த்தால்தான் எங்களுக்குத் திருப்தி. கல்யாணப் பந்தியில் நடக்கும், டீக்கடையில் நடக்கும், ஒருமுறை இழவு வீட்டில்கூட நடந்து பார்த்திருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிலர் வசதியாகத் தூக்கியே காட்டுவார்கள். தொங்கும் நூல் கண்ணில் பட்டால் பையிலிருந்து ட்ரிம்மரை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வோம். ட்ரிம்மர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தரி. தொங்கும் நூலுக்குப் பிசிறு என்று பெயர். பிசிறோடு ஒரு துணி பெட்டிக்குள் போனால் அது கம்பெனிக்கே இழுக்கு என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார்கள்.

மகள் கையைத் தட்டியதும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாமளாபுரத்தில் ஒரு வீடு ஞாபகம் வந்தது. குளிர்காலக் காற்றில் நின்றிருந்தவனுக்கு முகம் சுட்டது. அங்கே போய் வந்து சரியாக ஒரு வருடம் ஆகிறது. இன்னும் யாரிடமும் முழுதாகப் பேசி முடித்த பாடில்லை.

2

நான் திருப்பூர் ராயபுரத்துக்காரன். பள்ளிக்கூடம் முடித்ததும் பிசிறு வெட்டும் வேலையில்தான் கம்பெனிக்குள் நுழைந்தேன். பிறகு தைத்த துணியில் குறை தேடும் செக்கிங், பிறகு குவாலிட்டி. தொண்ணூறுகளின் கடைசியில் எங்களிடம் துணி வாங்கும் டேனிஷ் பையர் ஒருவரின் ஆபீஸ் என்னை இங்கே, டென்மார்க்குக்குக் கூட்டி வந்தது. சில வருடங்களில் அந்த ஆபீசை மூடிவிட்டார்கள். இப்போது இந்தச் சின்ன ஊரில், ஆடை வடிவமைப்புக் கல்லூரி ஒன்றின் தையல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மெஷினுக்கு எண்ணெய் விடுவேன், ஊசி மாற்றுவேன், நூல் கோக்கத் தெரியாத பிள்ளைகளுக்குக் கோத்துக் கொடுப்பேன். நகராட்சி அலுவலகத்தில் என் வேலை என்ன என்று கேட்ட பெண்ணுக்கு நீளமாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தையல் உதவியாளர் என்று தட்டெழுதினாள். ஊருக்குப் போன் கார்டு போட்டுப் பேசும்போது காலேஜில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன். அம்மா அதைப் புரொபசர் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

நிரந்தரமாகத் தங்குவதற்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில் ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் உற்றுப் பார்த்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் பறந்துவிட்டன. "இந்த ஆளின் சட்டையில் பட்டன் பட்டி கோணலாக இருக்கிறது. இடது காலர் வலதைவிட நீளம்" என்றேன். தேர்வாளர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தில் இருந்தது ஒரு பிறந்தநாள் விழா. கேக், மெழுகுவத்தி, சுற்றிலும் பிள்ளைகள். அதையெல்லாம் அவர்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். பாஸ் போட்டுவிட்டார்கள். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மனைவி மட்டும், "நீங்க எதையும் பாக்கறதில்லீங்க, செக்கிங்தான் பண்றீங்க" என்றாள். அதையும் நகைச்சுவையில் சேர்த்துவிட்டேன்.

3

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி மாணவர்களை ஒரு திட்டத்துக்காகத் திருப்பூர் அழைத்துப் போக முடிவானது. அங்கே ஒரு ஆடை வடிவமைப்புக் கல்லூரி, ஒரு ஏற்றுமதிக் கம்பெனி, நாங்கள், மூவரும் சேர்ந்து நடத்துவது. கம்பெனியில் ஒதுக்கிய ரிஜெக்ட் சட்டைகளை, அதாவது ஊசி ஓட்டை விழுந்தது, எண்ணெய்க் கறை பட்டது, நிறம் மாறியது, இவற்றையெல்லாம் இரு நாட்டுப் பிள்ளைகளும் பிரித்து, வெட்டி, ஒட்டி, எம்பிராய்டரி போட்டுப் புது உடையாக்க வேண்டும். பழையதை முன்னைவிட உசத்தியாக்குவதற்கு அப்சைக்கிளிங் என்று பெயர். கடைசி நாள் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் கண்காட்சி. எங்கள் ஆசிரியை கிர்ஸ்டன், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயமும் வந்தது. இவர்கள் என் ஊரைப் பார்க்கப் போகிறார்கள். போவதற்கு முன்பே போனில் என் அட்டகாசம் தொடங்கிவிட்டது. தங்கும் விடுதியில் திரைச்சீலையை மாற்றச் சொன்னேன். வேன் ஓட்டுநரிடம் நொய்யல் ஆற்றுப் பாலம் வழியாகப் போகக் கூடாது, சுற்றிப் போங்கள் என்றேன். ஆற்றில் ஓடும் சாயப்பட்டறைத் தண்ணீரை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே! போய் இறங்கிய மறுநாளே கிர்ஸ்டன் கேட்டது நொய்யலைத்தான். கல்லூரிக் கழிப்பறையை நானே முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திருப்பூர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறினால் நான் குறுக்கே புகுந்து அழகாகச் சொல்லி முடிப்பேன். அவர்கள் சொல்ல வந்தது அதுதானா என்று கேட்க எனக்கு நேரமிருக்காது. இதையெல்லாம் உதவி என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் கூசுகிறது.

4

திருப்பூர்ப் பிள்ளைகளில் மகேஸ்வரி என்று ஒருத்தி. சாமளாபுரத்திலிருந்து கல்லூரி பஸ்ஸில் வருவாள். அப்பா துரைசாமி விசைத்தறி ஓட்டுகிறவர். அவளுடைய ஆசிரியை லதா மேடம் அவளைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லா வர்ற புள்ளைங்க சார். ஆனா ஊட்டுல இன்னும் மனசு ஒப்பலீங்க. துணியில பூப் போடறதுக்கு எதுக்குக் காலேஜுன்னு அவங்கப்பா கேக்கறாரு. இந்தக் கண்காட்சிக்கு வரச் சொல்லியிருக்கறேன். வந்து பாத்தாருன்னா அடுத்த வருசமும் உடுவாரு. இல்லீன்னா நிறுத்திப்போடுவாருங்க."

மகேஸ்வரி பேசவே மாட்டாள். ஒரு மூலையில் வட்டச்சட்டத்தில் துணியை இறுக்கிக்கொண்டு குனிந்தபடி இருப்பாள். ரிஜெக்ட் சட்டைகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு நீளச் சட்டை தைத்திருந்தாள். ஓட்டை இருந்த இடங்களை மறைக்காமல் அந்தந்த ஓட்டையைச் சுற்றியே ஊசி வேலை செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் நான் கடந்து போகும்போது, "சார், கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். கிர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம் பாக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனேன். அப்புறம் மறந்தேவிட்டேன்.

5

கண்காட்சி அன்று காலை மற்றவர்களுக்கு முன்பே பேக்கிங் ஹாலுக்குப் போனேன். எல்லா உடைகளும் ஸ்டாண்டில் வரிசையாகத் தொங்கின. டேனிஷ் பிள்ளைகள் விடுதியில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளின் பஸ் இன்னும் வரவில்லை. பழைய பழக்கம், வரிசையின் ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் மாணவன் பிரெடரிக் செய்தது ஒரு கோட்டு. ஓரம் மடித்துத் தைக்கவில்லை, கைமுனை கிழிசலாகவே இருந்தது, நூல்கள் தாடி மாதிரி தொங்கின. அதைப் பார்த்து, இது டிசைன் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். அதற்கு அடுத்தது மகேஸ்வரியின் சட்டை. அதன் முன்பக்கம் முழுக்க ஒவ்வொரு ஊசி வேலையின் முடிவிலும் நூல் வெட்டப்படாமல் சாண் நீளத்துக்குத் தொங்கியது. எனக்குத் திக்கென்றது. அடப்பாவி, பிசிறு வெட்டாமல் கொண்டுவந்து மாட்டிவிட்டாளே! பையர்கள் வருவார்கள், கிர்ஸ்டன் பார்ப்பாள், திருப்பூர்ப் பிள்ளைக்குப் பிசிறுகூட வெட்டத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. ட்ரிம்மரை எடுத்தேன். சட்டையை மேசையில் விரித்துப் போட்டுத் தோளிலிருந்து அடிவரை ஒன்று விடாமல் வெட்டினேன். சுத்தமாக வெட்டினேன். என்னை வேலைக்குப் பழக்கிய சூப்பர்வைசர் பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். வெட்டிய நூலைக் கையால் கூட்டிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிய நிறைவோடு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மகேஸ்வரி அந்தச் சட்டைக்கு முன்னால் நின்றிருந்தாள். இரண்டு கையும் துணியைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன.

"ஏனுங்க சார், இதுல நூலு உட்டிருந்தனுங்களே..."

"நான்தான் வெட்டினேன் கண்ணு. மறந்துட்டியாட்ட இருக்குது."

"மறக்கலீங்க சார். அது அப்படியே தொங்கறதுக்குத்தானுங்க உட்டது. நூலு ஆடுனாத்தானுங்க அது என்னன்னு தெரியும்."

அவள் பக்கத்து ஸ்டாண்டைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அந்தண்ணன் கோட்டுலயும் நூலு தொங்குதுங்களே. அதைய நீங்க வெட்டலீங்களா?"

வெள்ளைக்காரப் பையன் தொங்கவிட்டால் அது கலை, நம் பிள்ளை தொங்கவிட்டால் அது கவனக்குறைவு. இப்படி நான் யோசித்துத் தீர்மானிக்கவில்லை. யோசிக்காமலே தீர்மானமாகியிருந்தது என்பதுதான் கேவலம். "தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். "பரவால்லீங்க சார்" என்றாள். அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6

மறைக்க ஒன்றும் இல்லை. கிர்ஸ்டன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முந்தின நாள் அந்தச் சட்டையைப் படமெடுத்து வைத்திருந்தவள் அவள். என் தோளில் கை வைத்து, நல்ல எண்ணத்தில் செய்தாய் என்றாள். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. ஏனென்றால் நல்ல எண்ணம் மகேஸ்வரியைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. இவர்கள் முன்னால் என் ஊர் அசடு வழியக் கூடாது, வழிந்தால் நானும் சேர்ந்து வழிவேன் என்ற பயம்தான் அது.

பையர்கள் வந்தார்கள். பிரெடரிக்கின் கோட்டு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். மகேஸ்வரியின் சட்டையைப் பார்த்து நீட் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். நீட் என்ற அந்தச் சொல் முழுக்க என் கைங்கரியம்.

பத்து மணி வாக்கில் துரைசாமி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. மகள் ஏதோ சொல்ல, அவர் சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் கும்பிட்டுவிட்டார்.

"மன்னிச்சுக்கோணுங்க சார். புள்ளை நூலு வெட்டாம கொண்டாந்து மாட்டியிருக்குது. நீங்க உங்க கையால வெட்ட வேண்டியதாப் போச்சுங்க. இத்தனை பேரு முன்னால உங்களுக்குச் சங்கடம்."

"ஐயோ, இல்லீங்க. தப்பு என்னுதுங்க. அது டிசைனுங்க, அப்படித்தான் இருக்கோணும்" என்றேன்.

"நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க" என்றார். நான் எவ்வளவு மறுத்தாலும் அவருக்கு அது என் பெருந்தன்மையாகவே போய்ச் சேர்ந்தது. என்னைப் புரொபசர் என்றே அவர் நினைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த புரொபசரே வெட்டித்தான் மாட்டியிருக்கிறார், அப்புறம் என்ன டிசைன்? அவர் மகளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. என் கையிலிருந்த வெட்கத்தை அவர் கைக்கு மாற்றிவிட்டேன் என்று தோன்றியது. டீ குடிக்கச் சொன்னேன். இல்லீங்க, ஷிப்டு இருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் லதா மேடம் வந்து சொன்னார். "இனிமே காலேஜுக்கு அனுப்பலைன்னு சொல்லிட்டாருங்க சார். கம்பெனில செக்கிங்ல சேத்தி உடறாராம். மொதல்ல பிசிறு வெட்டிப் பழகட்டும்னு சொன்னாருங்க."

7

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டேனிஷ் பிள்ளைகளைக் கடைவீதிக்கு அனுப்பிவிட்டு நான் சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தறிச் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திக் கேட்டதில் தெருவே கூட வந்துவிட்டது.

வாசலில் மகேஸ்வரி தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். நான் மறுபடியும் தொடங்கினேன். "கண்ணு, நான் பண்ணுனது பெரிய தப்பு..."

"சார், மன்னிப்பெல்லாம் வேண்டாங்க" என்றாள் மெதுவாக. "அப்பாகிட்ட அது நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதுங்க. தப்பு யாருதுன்னே பேசிட்டு இருந்தா அப்பா மறுக்காவும் உங்ககிட்ட மன்னிப்புத்தான் கேப்பாருங்க."

துரைசாமி என்னைக் கண்டதும் பதறிவிட்டார். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். ராயபுரத்தில் பிறந்தவன் என்று சொன்னதும் சார் போய்த் தம்பி வந்தது. புரொபசர் இல்லை, தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவன் என்றும் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுச் சிரித்தார், அவருக்குக் கொஞ்சம் லேசானதுபோலத் தெரிந்தது. காப்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, வீட்டுக்குள்ளும் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"அந்தச் சட்டை நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு. புள்ளையை நிறுத்தாதீங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லா இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"எது தம்பி நல்லா இருந்துச்சு? கோவத்துல கேக்கலீங்க. எனக்கு வேட்டியும் துண்டும்தான் தெரியும். இது பாட்டுக்கு ராவும் பகலும் குனிஞ்சுட்டு உக்காந்திருக்குது. என்ன போடறேன்னு கேட்டா, முடிஞ்சதும் காட்டறேங்குது. அதுல என்ன போட்டிருந்துச்சு, எந்த எடம் நல்லா இருந்துச்சுன்னு எனக்குப் புரியறாப்புல சொல்லுங்க. கேட்டுக்கறேன். நீங்க சொன்னா உட்டர்றேன், படிக்கட்டும்."

கதவோரம் மகேஸ்வரி நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சட்டையை நான் முழுதாக மேசையில் விரித்து வைத்து, தோளிலிருந்து அடிவரை கையால் தடவி வந்தவன். துணி என்ன கனம் என்று தெரியும். இடது தோளுக்குக் கீழே எண்ணெய்க் கறை இருந்தது தெரியும். பக்கத் தையல் ஒரு விரற்கடை முறுக்கியிருந்தது தெரியும். நூல் எந்தெந்த இடத்தில் தொங்கியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த நூல்கள் எதிலிருந்து தொங்கின? பூவா, பறவையா, மனிதரா, எழுத்தா? எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருக்கலாம், பூ நல்லா இருந்துச்சுங்க என்று. பூவே இல்லை என்றால்? அந்தப் பெண் அங்கேயே நிற்கிறாள்.

"நான் பாக்கலீங்க" என்றேன்.

தறிச் சத்தத்தில் கேட்கவில்லை போல. "என்னங்க தம்பி?" என்றார்.

"நான் அதைப் பாக்கவே இல்லீங்க. நூலை மட்டுந்தானுங்க பாத்தேன்."

துரைசாமி என்னை வினோதமாகப் பார்த்தார். கோபிக்கவில்லை, இளக்காரமும் இல்லை. இவ்வளவு தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் கேட்டுப் பிரயோசனமில்லை என்று புரிந்துகொண்ட முகம். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீயே சொல்லு கண்ணு. என்ன போட்டே?"

அவள் உள்ளே போய், கண்காட்சி முடிந்து கொண்டுவந்திருந்த சட்டையை எடுத்து வந்தாள். என்னைத் தாண்டிப் போய் ஜன்னலோரக் கட்டிலில் விரித்தாள். இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார்கள். அவள் ஒவ்வோர் இடமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள். நூல் தொங்கியிருந்தால் எப்படி ஆடும் என்பதற்குக் கையை அசைத்துக் காட்டினாள். அவர் ஏதோ கேட்டார், அவள் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் ஒரு ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் ஏதோ கேட்டார். தறிச் சத்தத்தில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்திருக்கலாம். காப்பி ஆறிப்போகும் வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார். நான் இருப்பதே அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "நாளைக்குக் காலேஜுக்குப் போகட்டுங்க தம்பி. பஸ்ஸுக்கு நானே கொண்டாந்து உட்டர்றேன்" என்றார்.

நான் எழுந்தேன். மகேஸ்வரி சட்டையை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். "போயிட்டு வாங்க சார்" என்றாள், மரியாதை துளியும் குறையாமல். எனக்கும் காட்டு என்று கேட்க நா எழவில்லை. கிர்ஸ்டனிடம் படம் இருக்கிறது, கேட்டால் அந்த நிமிடமே காட்டுவாள். தினமும் அதே கூடத்தில் அவளைப் பார்க்கிறேன். கேட்கவில்லை. அந்தச் சட்டையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.